புரட்டாசியில் ஒரு மீனுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தேன்

புரட்டாசி மாதத்தில் ஒரு கொலை செய்திருக்கிறேன். அதுவும் மாமனார் வீட்டில், கல்யாணமான முதல் வருஷத்தில்.

எங்கள் இரு வீட்டிலும் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது. வாயைக் கட்டிக்கொண்டு கிடந்த அந்த நேரத்தில்தான் செல்போனில் சில வீடியோக்கள் வந்து மாட்டின. தூண்டில் போட்டு மீன் பிடிக்கிறார்கள், கொஞ்சுகிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆஹா! கொல்லவுமில்லை, தின்னவுமில்லை. புரட்டாசிக்கென்றே கண்டுபிடித்த விளையாட்டு! (என் மூளை அப்படி.) அன்றைக்கே ஆன்லைனில் ஒரு தூண்டிலுக்குச் சொல்லிவிட்டேன்.

மாமனாருக்கு ஜலகண்டாபுரம் பக்கம் தறிப்பட்டறை. பின்னால் படி வைத்த கிணறு, அதில் அவர் விட்டு வளர்த்த மீன்கள். மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல் போடும் தளிகைக்கு நானும் மனைவி கவிதாவும் வெள்ளிக்கிழமையே போய்விட்டோம். அந்த வருஷத் தளிகை லேசுப்பட்டதல்ல. வரப்புத் தகராறில் ஆறு வருஷமாகப் பேசாமலிருந்த மாமனாரின் அண்ணன் முதல்முறையாகச் சாப்பிட வருகிறார். "எங்கண்ணன் வாராருங்க மாப்ள" என்று பத்து தடவை சொல்லிவிட்டு, மாமனார் சாமான் வாங்கச் சேலம் கிளம்பினார்.

நான் புதுத் தூண்டிலோடு கிணற்றுப் படியில் இறங்கினேன். மைதா உருண்டையைப் போட்ட அரை நிமிஷத்தில் வெடுக்கென்று இழுத்தது ஒரு ரோகு. மூன்று கிலோ இருக்கும். நான் பிறவி வேட்டைக்காரன் என்று பூரித்துப்போனேன். (அது தினமும் மாமனார் கையில் பொரி தின்று பழகிய மீன் என்று யார் கண்டது?)

"ஏனுங்க, அதை உட்டுத் தொலைங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்" என்றாள் கவிதா.

"உடத்தான போறேன்! நல்லா ஒரு போட்டோ எடு."

மீன் வழுக்கியது. துண்டால் அழுத்தித் துடைத்தேன். முதல் போட்டோவில் நான் கண்ணை மூடியிருந்தேன். இரண்டாவதில் மீன் வால் மட்டும் வந்தது. நடுவில் திருச்செங்கோட்டில் இருக்கும் என் கடையிலிருந்து போன், போர்வெல் போடும் ரிக் லாரிக்கு ஏதோ போல்ட் வேண்டுமாம். வெயிலில் காய்ந்த படிக்கல்லில் மீனைக் கிடத்திவிட்டுப் பேசினேன். அப்புறம் தொண்டையில் சிக்கிய தூண்டில் முள்ளைக் குறடால் பிடுங்கி, நெற்றியில் ஒரு முத்தமும் கொடுத்துத் தண்ணீரில் விட்டேன். கொஞ்சம் சாய்ந்தாற்போல் உள்ளே போனது. உயிர்ப்பிச்சை கொடுத்த புண்ணியவானாக அன்று மத்தியானம் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கிணற்றடியில் மாமனார் அலறினார். ஓடிப்போய்ப் பார்த்தால், செத்த ரோகுவை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். வீடியோவில் ஒரு மீன்கூடச் சாகவில்லையே!

"கெணத்துல பூச்சி மருந்தைக் கலந்துட்டான்! வேற யாரு? வரப்பு போன கடுப்பு அவனுக்கு அடங்குலை!"

நேற்று 'எங்கண்ணன்', இன்றைக்கு 'அவன்'. அந்தத் தண்ணீரில் செய்த பொங்கல், சாம்பார், வடை மாவு எல்லாம் குப்பைமேட்டுக்குப் போயின. சாம்பார் அண்டாவைத் தூக்கிக் கொட்டியதே நான்தான். அந்த நேரம் பார்த்துத் துளசி மாலையும் பழத்தட்டுமாக வாசலில் வந்து நிற்கிறார் அந்த அண்ணன், எங்கள் பெரிய மாமா!

"மருந்தையும் கலந்துட்டுச் சாப்படவும் வாரியா?" என்று மாமனார் பாய்ந்தார்.

பெரிய மாமா ஏரியில் மீன் குத்தகை எடுப்பவர். தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தார். "மருந்துன்னா மத்த மீனெல்லாம் மெதக்காதா? அதுக பாட்டுக்குத் திரியுது பாரு." செத்த மீனை வாங்கிப் புரட்டினார். "தொண்டை கிழிஞ்சிருக்குது. மேல இருக்கற வழவழப்பைக் காணோம். காஞ்ச கையில புடிச்சு, தொடச்சு, வெய்யில்ல போட்டிருக்கறான் எவனோ. ஈரக் கையில புடிச்சு, சட்டுனு உட்டிருந்தா பொழைச்சிருக்கும்."

"நாந்தானுங்க மாமா" என்றேன். "ஆனா உடறப்ப உசுரோடதான் இருந்துச்சு."

மாமனார் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், அப்படியே அண்ணன் காலில் விழுந்து கேவிக் கேவி அழுதார். மீனைத் தென்னைமரத்தடியில் அண்ணனும் தம்பியுமாகப் புதைத்தார்கள். குழி வெட்டியது நான். மறுபடி உலை வைத்து, சாயங்காலம்தான் சாப்பிட்டோம். எனக்குச் சோறு இறங்கவே இல்லை.

அடுத்த வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியில் ஆசையாகக் கையை நீட்டினேன். குழந்தையை வைத்திருந்த மாமனார் இரண்டடி பின்னால் போனார். பெரிய மாமா ஒரு சொம்புத் தண்ணீரை என் முன்னால் நீட்டினார்.

"கையை நனைச்சுட்டு வாங்குங்க மாப்ள."