எங்க இறங்கணும்?

கோட்டின் நடுப் பொத்தான் தெறித்து, கதவிடுக்கு வழியாக அறைக்குள் உருண்டுவிட்டது. மச்சானிடம் இரவல் வாங்கிய கோட்டு. பொத்தான் இல்லாமல் திருப்பிக் கொடுத்தால் மச்சான் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். கண்டக்டர் வராந்தாவில் இப்படியும் அப்படியும் பார்த்தார். மகள் கை கழுவப் போயிருந்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கதவைத் தள்ளினார்.

உள்ளே நீள மேசை, அதன் பின்னால் மூன்று நாற்காலிகள். இரண்டில் ஆட்கள் இருந்தார்கள். அருகில் நின்றிருந்த அலுவலக உதவியாளருக்கு கோட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க சார். உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

"இல்லீங்க, நான் பொண்ணோட..."

"பொண்ணுங்க அப்புறம் சார். முதல்ல பையன்தான். வெளியூர்லேர்ந்து வர்றீங்க, லேட் ஆனா என்ன, உட்காருங்க."

தோளை அழுத்தி உட்கார வைத்தே விட்டார்.

அது பல்கலைக்கழக உதவித்தொகைக்கான நேர்காணல். முதலாண்டில் சேரப்போகிற நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் நான்கு பேரை வடிகட்டி நிறுத்தியிருந்தார்கள். அந்த நான்கில் ஒருவருக்கு மட்டும் படிப்பும் விடுதியும் இலவசம். கண்டக்டரின் மகள் கடலியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவள். உதவித்தொகை கிடைத்தால் கடல், இல்லையென்றால் வீடு. "அங்க போய் வாயத் தொறந்து எதையும் கெடுத்துடாதீங்க" என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். வாயைத் திறக்காமலே கெட்டுவிட்டது.

இப்போது எழுந்து 'நான் தகப்பன்' என்றால், சிபாரிசுக்குப் புகுந்தவன் என்று மகளின் பெயரையே அடித்துவிடுவார்கள். முதல் பையன் போனதும் நைசாக நழுவிவிடலாம் என்று முடிவு செய்தார்.

பையன் வந்து உட்கார்ந்தான். நடுவில் இருந்த நரைமீசைக்காரர் தொண்டையைச் செருமினார். அவர்தான் தலைவர் போலிருக்கிறது.

"நீங்களே ஆரம்பிங்க சார்."

"நானா? அம்மா கேக்கட்டுமே."

மறுபக்கம் முத்துமாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள் அவசரமாகத் தலையாட்டினாள். "இல்ல இல்ல, நீங்களே கேளுங்க."

இருபத்திரண்டு வருஷமாக, எதிரே நிற்கிறவர்களிடம் கண்டக்டர் கேட்டுப் பழகிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அது தானாக வாயில் வந்துவிட்டது.

"எங்க இறங்கணும்?"

பையன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, வாழ்க்கையில் தான் எங்கே போய்ச் சேரப் போகிறான் என்று கால்மணி நேரம் பேசினான். கண்டக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"என்ன ஆழமான கேள்வி" என்றார் மீசைக்காரர், பையன் போனதும். "எல்லார்கிட்டயும் இதையே கேட்டுடுவோம். நீங்கதான் கேக்கணும்."

"எனக்குத் தலை சுத்தற மாதிரி இருக்கு. கொஞ்சம் வெளிய..."

உதவியாளர் பறந்து வந்தார். ஜன்னலைத் திறந்தார், மின்விசிறியைக் கண்டக்டர் பக்கம் திருப்பினார், தண்ணீரை நீட்டினார். அதோடு விட்டாரா? "நீங்க அசையாதீங்க சார்" என்று நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, அங்கிருந்தே அடுத்தவனைக் கூப்பிட்டார்.

அடுத்து வந்த பையன் கேள்வியைக் கேட்டு மேலே பார்த்தான், கீழே பார்த்தான், எழுந்து போய்விட்டான். மீசைக்காரர் அவனுக்குப் பத்துக்குப் பத்து போட்டார். மூன்றாவதாக வந்த பெண் அழ ஆரம்பித்து, கைக்குட்டை நனைந்ததும் கிளம்பினாள். அவளுக்கு அம்மாள் பத்து போட்டாள். படித்தவர்களின் பார்வையே வேறு, நமக்கெல்லாம் எட்டாது என்று நினைத்துக்கொண்டு கண்டக்டர் இருவருக்கும் ஐந்தைந்து போட்டார்.

நான்காவதாக மகள் வந்தாள்.

வாசலிலேயே அவள் கால் நின்றுவிட்டது. கண்டக்டர் கண்ணால் கெஞ்சினார். ஒரு நொடி மாமாவின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், "வணக்கம் சார்" என்று உட்கார்ந்தாள். பெற்ற மகள் வாயால் சார் என்று கேட்டதும் அவர் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"எங்க..." தண்ணீர் குடித்தார். "எங்கம்மா இறங்கணும்?"

"கடல்ல சார். தண்ணி எவ்வளவு சூடாகுதுன்னு அளக்க மிதவை போட்டிருக்காங்க. அது பாதி நாள் தப்பா காட்டுது. ஏன்னு கண்டுபிடிக்கணும். இந்தப் படிப்பு நம்ம பக்கம் வேற எங்கயும் இல்ல. உதவித்தொகை கிடைக்கலன்னா என்னால ஏறவே முடியாது சார். அப்புறம் எங்க இறங்கறது?"

கண்டக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. பேனா நேராகப் பத்துக்குப் போனது, அங்கேயே நின்றது. கட்டிய மனைவி பஸ்ஸில் ஏறினால்கூட கை நீட்டிக் காசு வாங்கி டிக்கெட் கிழிக்கிறவர் அவர். சொந்த மகளுக்குப் பத்து போட்டால் அது திருட்டு. ஒன்பது போட்டாலும் சந்தேகம் வரும். எட்டு என்றாலும் பாசம்தான். இப்படியே இறங்கி இறங்கி இரண்டில் வந்து நின்றார்.

மகள் வெளியே போனாள். பெற்றோர்களைக் கூட்டிவர உதவியாளரும் போனார். மீசைக்காரர் கூட்ட ஆரம்பித்தார்.

"முதல் பையன் பன்னெண்டு. ரெண்டாவது பையன் இருபது. அழுத பொண்ணு பத்தொன்பது."

"பத்தொன்பதா?" என்றாள் அம்மாள், முகம் சுருங்கி.

"கடைசிப் பொண்ணுக்கு நான் எட்டு, நீங்க எட்டு, சார் வந்து..." கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "ரெண்டா? அப்ப பதினெட்டு. சரி, அந்த ரெண்டாவது பையனுக்கே குடுத்துடலாமா?"

கண்டக்டர் எழுந்து நின்றார்.

"வேண்டாங்க. அந்த ரெண்ட அடிச்சுடுங்க. நான் ப்ரொபசர் இல்ல, பஸ் கண்டக்டர். அவ என் பொண்ணு. பத்து போடத்தான் நெனச்சேன், சொந்தப் பொண்ணாச்சே, கை வரல. என்னை என்ன வேணா பண்ணுங்க. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

வசவுக்காகக் காத்திருந்தார். மீசைக்காரர் மதிப்பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாள் முத்துக்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. உதவியாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"பெத்தவங்க மூணு பேரும் கொஞ்சம் எழுந்திரிச்சா தேவல" என்றார். "அப்பா அம்மாங்கன்னு நெனச்சு நான் வெளிய பெஞ்சுல உட்கார வச்சவங்கதான் தேர்வுக் குழுவாம். நாலு பிள்ளைங்களையும் முதல்லேர்ந்து கேக்கணுங்கறாங்க."