கருஞ்சீரகப் போத்தலும் மாமாவின் துவக்கும்

இனித் தோட்டாவுக்காக யாரிடமும் கையேந்துவதில்லை, தானே செய்துவிடுவது என்று அரூஸ் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும் வழியில் தீர்மானித்தார். கம்பளையில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். தீர்மானம் எடுப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. அதை வீட்டு வாசலுக்கு உள்ளே கொண்டுபோவதில்தான் சிக்கல். வாசலில் மனைவி ஸுலைஹா நிற்பாள்.

தோட்டா, மாமாவின் துவக்குக்கு. ஸுலைஹாவின் வாப்பாவுக்கு தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை கொடுத்த ரைபிள் அது. இப்போது அது தெல்தெனியவில் வாப்பாவின் அதே வீட்டில், அவளுடைய தம்பி ஸிபான் பேரில் லைசன்ஸோடு இருக்கிறது. அவனுடைய சோளத் தோட்டத்துக்கு வரும் காட்டுப்பன்றிகளை விரட்டத்தான் லைசன்ஸ். ஆனால் அந்த ரைபிளின் அளவு ஊர் உலகத்தில் இல்லாத அளவு. எந்தக் கடையிலும் தோட்டா கிடையாது. துரையே வீட்டில் உட்கார்ந்து செய்துகொண்டவராம். அதனால் துவக்கோடு வெற்றுப் பித்தளைக் கோது, குண்டு, கோதின் அடியில் பொருத்தும் பொறி கெப், ஒரு கை அச்சு, ஒரு டின் வெடிமருந்து எல்லாம் சீதனம் மாதிரிச் சேர்ந்தே வந்தன. மாமா இறந்த பிறகு அவற்றைத் தொட ஆளில்லை. பன்றிகள் சோளம் தின்றன, துவக்கு அலுமாரிக்குள் நின்றது.

அரூஸுக்கு அந்தத் துவக்கின் மேல் கல்யாணமான புதிதிலிருந்து ஓர் ஏக்கம். புது மாப்பிள்ளையை மாமா அந்தி நேரம் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒரு வெடி வைத்துக் காட்டினார். சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. திரும்பிப் பார்த்தால் புதுப்பெண் ஸுலைஹா குசினி வாசலில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தபடி நின்றாள். அப்படி ஒரு சிரிப்பை அரூஸ் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. “மாமா, எனக்கும் ஒரு வெடி” என்று கேட்டார். “தோட்டா இல்ல மகன், இன்னொரு நாளைக்குப் பார்ப்போம்” என்றார் மாமா. அந்த இன்னொரு நாள் வராமலே மாமா மவுத்தானார். தலை நரைத்துவிட்டது, ஆசை நரைக்கவில்லை. தன் கையால் ஒரு வெடி, அவள் காதைப் பொத்திக்கொண்டு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் அவருக்கு வேண்டும்.

ஸிபானுக்குப் போன் போட்டார்.

“தோட்டா நான் செஞ்சு தாறேன். முதல் வெடி எனக்கு.”

“ஏலுமா மச்சான்?”

“பாத்திரக் கடைக்காரனுக்குப் பித்தளையப் பத்திப் படிச்சுத் தாறியா? ஒங்கட ராத்தா ஸுலைஹாவுக்கு மட்டும் மூச்சு விடாத.”

ஸிபான் எல்லாவற்றையும் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தான். அச்சைச் சருவச் சட்டிகளுக்குள் ஒளித்தாயிற்று. வெடிமருந்தைக் கடையில் வைக்கப் பயம். வீட்டில் எங்கே வைப்பது? அப்போதுதான் கண்ணில் பட்டது கருஞ்சீரகப் போத்தல்.

ஸுலைஹா ஆளுக்கொரு கரண்டி கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்து விடியவே ஊட்டிவிடுபவள். கொரோனாவில் அரூஸின் மூக்கும் நாக்கும் செத்துப்போன நாளிலிருந்து இந்த வைத்தியம். மணம் இல்லை, ருசி இல்லை, கரண்டி மட்டும் உண்டு. அலுமாரியில் இரண்டு போத்தல். ஒன்று பாவனையில், மற்றது தொடாதது. தொடாததில் இருந்ததைக் கொட்டிவிட்டு, அதே கறுப்பில் அதே குறுணியாக இருந்த வெடிமருந்தை நிரப்பினார். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு படுத்தார்.

விடிந்தது. கரண்டி வந்தது.

“வாயத் தொறங்க.”

“பழைய போத்தல்தானே?”

“அது முடிஞ்சு. புதுசத் தொறந்தேன்.”

அரூஸ் கரண்டியைக் கண்டு பின்வாங்கினார். “இண்டைக்கு வேணாம். வயிறு சரியில்ல.”

“அப்ப ரெண்டு கரண்டி.”

“இல்ல, சரியாகிட்டு!”

“கருஞ்சீரகம் மவுத்தத் தவிர எல்லாத்துக்கும் மருந்து எண்டு நபியவங்க சொன்னது. தொறங்க.”

உண்மையைச் சொன்னால் வெடி போச்சு. பிஸ்மி சொல்லி விழுங்கினார். அலுமாரிச் சாவியோ அன்றிலிருந்து அவளுடைய இடுப்பில். தினமும் கரண்டி, தினமும் பிஸ்மி. அரூஸ் காஸ் அடுப்புப் பக்கம் போவதை விட்டார். நுளம்புத்திரி கொளுத்தினால் வெளியே ஓடினார். கடைக்குப் பின்னால் களவாக இழுக்கும் சிகரட்டை வாய் வரை கொண்டுபோய், வயிற்றைத் தடவிப் பார்த்து, வீசிவிட்டார். ஏப்பம் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் ஒரு நாள் ஸுலைஹா கல்யாண வீடொன்றுக்குப் போனாள். அதிசயமாகச் சாவிக்கொத்து மேசையில் கிடந்தது. அதிசயத்துக்குள் ஓர் அநியாயம், மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை. கண்ணாடிக்காக நின்றால் அவள் வந்துவிடுவாள். அரூஸ் போத்தலை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி, கைத்தடவலிலேயே ஒரு கோதை நிரப்பி, அச்சில் வைத்து அமத்தினார். ஒரு தோட்டா பிறந்தது. பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை தெல்தெனியவுக்குப் பயணம். “தம்பியப் பார்க்க நானும் வாறேன்” என்று ஸுலைஹாவும் ஏறிக்கொண்டாள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று அரூஸ் மனம் குளிர்ந்தார்.

அந்தி நேரம். சோளத்துக்குள் ஒரு பன்றி மொறுக் மொறுக்கென்று தின்றுகொண்டிருந்தது. ஸிபான் துவக்கைக் கையில் கொடுத்துவிட்டு, என்னவோ வானத்தைப் பார்த்தான். அரூஸ் தோளில் வைத்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குசினி வாசலில் அதே இடத்தில் ஸுலைஹா. சிரிக்கத் தயாராக நின்றாள். ஆனால் காதைப் பொத்தவில்லை.

விசையை இழுத்தார்.

டொப்.

கெப் மட்டும் வெடித்தது, சோடாப் போத்தல் திறந்த சத்தம். குண்டு குழலைத் தாண்டவே இல்லை.

“தாளிக்கிற மணம் வருது, மச்சான்” என்றான் ஸிபான், இன்னும் வானத்தைப் பார்த்தபடி.

துவக்கை வாங்கித் திறந்து, கோதை எடுத்து அரூஸின் உள்ளங்கையில் தட்டினான். ஸுலைஹா ஹேண்ட்பேக்கிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள்.

“இந்தாங்க. இப்பப் பாருங்க.”

போட்டுப் பார்த்தார். கருஞ்சீரகம்.

“அப்ப வெடிமருந்து?”

“தம்பி அண்டைக்கே சொல்லிட்டான். ராவோட ராவாப் போத்தலத் தேடி எடுத்து, தண்ணியில கரைச்சுக் குழிக்குள்ள ஊத்திட்டேன்.”

“நான் திண்டது?”

“நல்ல கருஞ்சீரகம். சிகரட்டு நிண்டிச்சே, பார்த்தீங்களா!”

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அரூஸ் சிரிக்கவில்லை.

“ஒரே ஒரு வெடிதானே ஸுலைஹா ஆசப்பட்டேன். நீ அண்டைக்கு மாதிரிக் காதப் பொத்திக்கிட்டு நிக்கிறதப் பார்க்கத்தானே.”

அவள் சிரிப்பு நின்றது. கிட்ட வந்து அவருடைய கையிலிருந்த கருஞ்சீரகத்தைத் தட்டிவிட்டாள்.

“அந்த மருந்து வாப்பாட வயசு. ஒங்கட மொகத்துல வெடிச்சிருந்தா நான் எங்க போவேன்? எனக்கு வெடி வேணாம். நீங்க வேணும்.”

இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதில்லை. துவக்குப் போனால் போகட்டும் என்றுகூட அரூஸுக்குத் தோன்றியது. ஆனாலும் ஆண்பிள்ளை, சும்மா தோற்க மனம் வரவில்லை. சோளத்தைக் காட்டினார். பன்றி தலையை நிமிர்த்தி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த சோளப் பொத்தியைக் கடித்தது.

“பாரு, அதுக்கு ஒண்டும் ஆகல்ல.”

“எப்பிடி ஆகும்?” என்றாள் ஸுலைஹா. “மவுத்தத் தவிர எல்லாத்துக்கும் மருந்துதானே அது. பண்டி எவ்வளவு சொகமா ஈக்கி, பாருங்க.”