முன் படமும் பின் படமும்

நில மீட்புக் குழுவின் தலைவர் நல்ல மனிதர். அவர் செய்த ஒரே பிழை, திட்டம் வருவதற்கு முன்பே நிலத்தை மீட்டுவிட்டதுதான்.

அவருடைய சோள நிலம் சரிவில் இருந்தது. அதன் கீழ்க்கோடியில் ஒரு பள்ளம். ஒவ்வொரு மழைக்கும் அது வாயைத் திறந்து நிலத்தில் ஒரு கவளம் விழுங்கும். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் தெருவே திரண்டு, பள்ளத்தின் குறுக்கே கல் அடுக்கியது. தலைவரும் மனைவியும் இடுப்பொடியக் கல் சுமந்தார்கள். அடுத்த மழையில் வந்த தண்ணீர், கொண்டுவந்த மண்ணைக் கல்லுக்குப் பின்னால் இறக்கிவைத்துவிட்டு மரியாதையாக நடந்து போனது. அந்த மண்ணில் புல்லும் முளைத்தது.

அதற்குப் பிறகுதான் அரசின் நில மீட்புத் திட்டம் வந்தது. கூடவே அதிகாரியும் வந்தார். பள்ளத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. திருட்டு நடந்த வீட்டைப் படமெடுப்பவரைப் போல, செல்பேசியில் அதைப் படமெடுத்துக்கொண்டார்.

"என்னய்யா இது?"

"புல்லுங்க சார்."

"அது தெரியுது. பாழாப்போன நிலத்துல புல்லுக்கு என்ன வேலை? திட்டத்துக்கு முன் படம் ஒண்ணு வேணும், பின் படம் ஒண்ணு வேணும். முன் படத்துலயே பச்சையா இருந்தா, நாங்க வந்து எதை மீட்கிறது?"

"நாங்களே மீட்டுட்டோம்னு எழுதிக்குங்களேன் சார்."

"அனுமதி இல்லாமலா?"

தலைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதிகாரி அவர் தோளில் கைபோட்டார்.

"பயப்படாதீங்க. கல்லையெல்லாம் எடுத்துடுங்க. வியாழக்கிழமை படக்காரரோட வரேன். படம் எடுத்ததும் முறைப்படி திரும்ப அடுக்கிடலாம். 'முன்மாதிரி ஊர்'னு பலகை வைப்போம். பலகையில உங்க படமும் வரும்."

அதுவரை யோசித்துக்கொண்டிருந்த தலைவர், கடைசி வாக்கியத்தில் யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "வானம் இருட்டிக்கிட்டு நிக்குது. இப்பப் போய்க் கல்லைப் பிடுங்கணுமா? உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?"

"ரெண்டு நாள்தானே? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"பள்ளத்துக்குத் தெரியுமா உங்க முறை? விதைச்ச சோளம் போச்சுன்னா அந்தப் பலகையையா சமைக்கிறது?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "பலகையில உன் படமும் வருதாம்."

அதிகாரி அப்படிச் சொல்லவே இல்லை. மனைவி ஓங்கியிருந்த கரண்டியைக் கீழே இறக்கினாள். பிறகு, "நான் எந்தப் பக்கம் நிக்கணும்?" என்றாள்.

தெருவில் மற்றவர்களுக்கும் இதே பதில்தான் சொல்லப்பட்டது. புதன்கிழமை காலையில் ஆளுக்கொரு கல்லாக அகற்றினார்கள். அடுக்கியபோது இருந்த ஒற்றுமையைவிடப் பிரித்தபோது இருந்த ஒற்றுமை ஒருபடி மேல். புல்லைக்கூட வேரோடு பிடுங்கினார்கள்.

அன்று சாயங்காலமே மழை கொட்டியது. பள்ளம் பழைய பட்டினியையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் பாதி நிலத்தைக் காணோம். தலைவர் விளிம்பில் நின்று, தன் சோளம் இருந்த இடத்தில் காற்றைப் பார்த்தார்.

சொன்னபடி அதிகாரி வந்தார். "அடடா, என்ன ஆழம்! இப்படி ஒரு முன் படம் வேற எந்த ஊர்லயும் கிடைக்காதுய்யா!"

"சார், கல்லு அடுக்க ஆரம்பிக்கலாமா? மிச்சப் பாதியாவது நிக்கும்."

"எதுக்கு? பின் படம்தான் என்கிட்டயே இருக்கே." செல்பேசியைக் காட்டினார். கல்தடுப்பு, வண்டல், பச்சைப்புல். "முதல்ல பள்ளம், அப்புறம் புல். மீட்பு முடிஞ்சது."

"சார், புல்லு முன்னாடி வந்தது, பள்ளம் பின்னாடி..."

"அந்த முன்ன பின்னவெல்லாம் அலுவலகம் பார்த்துக்கும். இனிமே யாரும் கல்லைத் தொடக்கூடாது. மீட்ட நிலத்தைத் திரும்ப மீட்டா, முதல்ல மீட்டது சரியில்லைன்னு ஆகிடும்."

யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று தலைவர் தெருக்காரர்களைப் பார்த்தார். தலைவர் கேட்பார் என்று அவர்கள் தலைவரைப் பார்த்தார்கள். அதற்குள் யாரோ கைதட்டிவிட்டதால் எல்லோரும் தட்டினார்கள். தலைவரும் தட்டினார்.

"எல்லாரும் கொஞ்சம் பின்னால போங்க. பள்ளம் முழுசாத் தெரியணும்" என்றார் படக்காரர்.

பின்னால் இருந்தது மிச்சச் சோளம். தெருவே அதன்மேல் ஏறி நகர்ந்தது. தட்டைகள் காலடியில் மடமடவென்று முறிந்தன. "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்று கைகாட்டி எல்லோரையும் நகர்த்திக்கொண்டிருந்தவர் தலைவர்தான்.