பேனரில் சிரித்தவன்

நாகமலை புதுக்கோட்டை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய சூர்யபிரகாஷ், எதிரே தன்னையே பார்த்தான். பத்தடி உயரத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு சிங்கங்களுக்கு நடுவே நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

'பணி நிரந்தரம் பெற்ற எங்கள் பாசமிகு மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் அவர்களை வாழ்த்தி மகிழ்கிறோம்' என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது.

அவன் சட்டைப் பையில் இருந்த கடிதத்திலோ வேறு மாதிரி எழுதியிருந்தது. கே.கே. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவனுக்கு ரிசப்ஷன் வேலை. ஆறு மாதம் புரொபேஷன். அன்று வெள்ளிக்கிழமை, கடைசி நாள். நாலு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் உறையை நீட்டினார். 'தங்கள் பணி எதிர்பார்த்த அளவுக்கு இல்லாததால்' என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் படிக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட லீவு எடுக்காதவன். என்ன எதிர்பார்த்தார்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் அதையும் செய்திருப்பான்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்காக சென்டரை ஆறரைக்கே திறக்க வேண்டும். அதனால் காலையில் முதல் பஸ்ஸுக்கு அவன் வந்தபோது இந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"எப்பிடி மாப்ள?" என்று பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான் காளை. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வருகிற சிநேகிதன். லோடு ஆட்டோ ஓட்டுகிறான். "காலையில எட்டு மணிக்கே கட்டிட்டோம்ல!"

"எவன்டா பெர்மனென்ட்னு சொன்னது?"

"நீதானடா சொன்ன, வெள்ளிக்கிழமையோட புரொபேஷன் முடியுதுன்னு. முடிஞ்சா பெர்மனென்ட்தான?"

முடிந்தால் அதோடு முடிந்தே போகவும் வழி உண்டு என்பது காளைக்குத் தெரியாது. அன்று நாலு மணிவரை சூர்யபிரகாஷுக்கும் தெரியாது.

பேனரின் கீழ்ப்பாதியில் இருபத்திரண்டு பேர் படம். காசு போட்டவர்கள், போடாமல் கோபித்துக்கொள்ளக்கூடியவர்கள், ஏணி கொடுத்த அழகுமலை அண்ணன், காளையின் ஒன்றரை வயது மகள் இசைவாணி. ஒருத்தரையும் விடவில்லை.

"இதை அவுத்துரு காளை. எனக்குக் கூச்சமா இருக்கு."

"பாருங்கய்யா இவன் அடக்கத்தை!" என்று காளை கண் கலங்கினான். அந்த நிமிடமே போனை எடுத்து நண்பர்கள் குழுவுக்குச் சேதி சொன்னான். மறுநாள் விடியும்போது, எதிர்ப்பக்கத்தில் இரண்டாவது பேனர் நின்றது. 'அடக்கத்தின் சிகரமே!'

ஆனால் அதற்குள் வீட்டில் வேறொன்று நடந்துவிட்டது.

அவன் அம்மா பாண்டியம்மாள், யுனிவர்சிட்டி பக்கம் ஒரு தனியார் லேடீஸ் ஹாஸ்டலில் கூட்டித் துடைக்கிற வேலை செய்கிறவள். மூன்று மாடி. இரண்டு முழங்காலும் வலி. மகன் வேலை நிலைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி இறங்கினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் நிறுத்தத்துப் பேனரில் மகன் முகத்தைப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் வாசித்துச் சொன்னார்கள்.

"போதும்யா. திங்கக்கிழமையில இருந்து வரலைன்னு ஹாஸ்டல்ல சொல்லிட்டேன்" என்றாள், அன்று ராத்திரி சோற்றைப் போட்டுக்கொண்டே.

அவன் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. "எதுக்கும்மா அவசரம்?"

"ஆறு மாசமா இதுக்குத்தானய்யா பொறுத்துக்கிட்டு இருந்தேன்" என்று முழங்காலைத் தடவினாள். அப்படி நிம்மதியாக அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. கடிதத்தை எடுக்கப் போன கை அப்படியே கீழே இறங்கியது.

கொல்லைப்புறம் போய், ஹாஸ்டல் சூப்பர்வைசர் முத்துமீனாவுக்கு போன் போட்டான்.

"அக்கா, அம்மா ஏதோ வெளையாட்டுக்குச் சொல்லிருச்சு. திங்கக்கிழமை வரும்."

"ஏம்ப்பா, நீ பெர்மனென்ட் ஆன பெறகும் பெத்தவள வேலைக்கு அனுப்பணுமா? நீயெல்லாம் ஒரு புள்ளையா?"

போனை வைத்த கையோடு முத்துமீனா அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள். அவன் உள்ளே திரும்பியபோது பாண்டியம்மாள் முகம் சுண்டிப்போயிருந்தது.

"என்னைய வேலைக்குப் போகச் சொன்னியாய்யா?"

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். "சும்மா சொன்னேம்மா. நீ மறுபடி போயிருவியோன்னு சோதிச்சுப் பாத்தேன்" என்று வாய் வேறு எதையோ சொன்னது.

"அடப் போக்கிரி!" என்று சிரித்தவள், அவன் கண்ணெதிரிலேயே முத்துமீனாவைத் திரும்பக் கூப்பிட்டு, தன் இடத்துக்குப் பக்கத்து வீட்டுச் சோணையம்மாளை வைத்துக்கொள்ளும்படி உறுதியாகச் சொன்னாள். சோணையம்மாளும் அப்போதே சரி என்றுவிட்டாள்.

சனிக்கிழமை காலை காளை லோடு ஆட்டோவோடு வாசலில் நின்றான். கையில் சரிகை வைத்த சால்வை.

"வாரியா மாப்ள? உன் மேனேஜருக்கு இதைப் போத்தி ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துருவோம். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

பாண்டியம்மாள் வேறு பின்னால் நின்றுகொண்டு, "போய்ட்டு வாய்யா, நல்ல மனுசன்" என்றாள். அவன் ஏறிக்கொண்டான்.

காளவாசல் சிக்னல் தாண்டியதும் அவனால் முடியவில்லை. கடிதத்தை எடுத்து நீட்டினான். காளை வண்டியை ஓரங்கட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தான். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. வேலை போனவன் சும்மா இருக்க, காளைதான் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதான். அவனைச் சமாதானப்படுத்த சூர்யபிரகாஷ் டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"எனக்கு வேற வேலை கெடைக்கும்டா. அம்மாவுக்குப் போன வேலைக்குத்தான் என்ன சொல்றதுன்னு தெரியல."

"விடு" என்று முகத்தைத் துடைத்தான் காளை. "அந்தாளு கால்ல விழுவோம். சால்வையப் போத்துவோம். அத்தைக்காகவாச்சும் எரங்காமயா போயிருவாரு?"

சென்டரில் மேனேஜர் இன்னும் வந்திருக்கவில்லை. ஆபீஸ் கடிதங்களை எல்லாம் டைப் அடிக்கிற ஷெரின் மட்டும் இருந்தாள். சால்வையைப் பார்த்தாள், சூர்யபிரகாஷைப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"எங்க மாப்ள என்ன தப்பும்மா பண்ணுனான்?" என்றான் காளை. "ஊரே கூடி இம்புட்டுப் பாசமா பேனர் வச்சோமே!"

ஷெரின் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"பெர்மனென்ட் லெட்டர வியாழக்கிழமையே நான் அடிச்சு, சாரும் கையெழுத்துப் போட்டுட்டாருண்ணே. நேத்துக் காலையில செக்கானூரணியில இருந்து வர்ற வழியில உங்க பேனரப் பாத்துட்டு வந்துதான், 'ஏணி குடுத்தவன் படமெல்லாம் இருக்கு, வேலை குடுத்த என் படத்த ஒரு மூலையிலகூடப் போடலையே'ன்னு அதக் கிழிச்சுப் போட்டாரு."