பாக்கி அண்ணாத்தையின் ஞாயிற்றுக்கிழமை

கடன்காரர்களில் எத்தனையோ ரகம் பார்த்தாயிற்று. ஓடுகிறவன், ஒளிகிறவன், உடம்பு சரியில்லை என்று போர்த்திப் படுக்கிறவன். கடன் கேட்டு வருகிறவர்களுக்கு வாடகை நாற்காலி எடுத்துப் போட்டுக் காத்திருந்த மனிதர், உலகத்திலேயே எங்கள் பாக்கி அண்ணாத்த ஒருவர்தான்.

கோவளத்துக்குச் சற்று உள்ளே, ஒரு தொண்டு அமைப்பு எங்களுக்கு வட்டியில்லாக் கடனில் வரிசையாக வீடு கட்டிக் கொடுத்திருந்தது. மாதாமாதம் தவணை. ஒரு வீட்டுக்காரர் தவணை கட்டாவிட்டால் மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், பணம் வரும்வரை உட்கார வேண்டும். அவமானப்பட்டாவது கட்டுவான் என்று யாரோ புண்ணியவான் போட்ட விதி அது.

பாக்கி, மாமல்லபுரம் கடற்கரையில் வேகவைத்த வேர்க்கடலை விற்பவர். வீடு கட்டி முடிவதற்குள் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகளும் இல்லை. ஒரு மாதம்கூடத் தவணையை நேரத்துக்குக் கட்டமாட்டார். அதனால்தான் அந்தப் பெயர்.

முதல் தடவை முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு போனோம். உள்ளே பந்தல் கடை நாற்காலிகள்.

"இன்னா அவசரம்? கடல வெந்துகினு கீது. குந்துங்க" என்றார்.

குந்தினோம். சண்டை போடவே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்த மேரி அக்கா, பொழுது சாயும்வரை தன் மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவரும் அவள் பக்கம் சேர்ந்து திட்டினார். ஆட்டோ ஓட்டும் செல்வத்துக்கு ரத்தக்கொதிப்பு என்று உப்பில்லாமல் தனிக் கடலை வேறு. என் ஞாயிறு நாசமானதில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. விளக்கு வைக்கும் நேரத்தில், எதுவுமே நடக்காததுபோலப் பணத்தை எடுத்து நீட்டினார்.

மாதாமாதம் இதே கூத்து. ஒருநாள் அவர் குனிந்து கடலை அள்ளும்போது சட்டைப்பையிலிருந்து தவணைப் பணம் முழுசாக விழுந்தது. மேரி அக்கா வைதாள் பாருங்கள், காது கொடுத்துக் கேட்க முடியாது. அவரோ அவளுக்கு இன்னும் கொஞ்சம் கடலை போட்டார்.

கடைசித் தவணை வந்தது. வரிசை முழுக்கக் கடன் தீர்ந்தால்தான் எல்லாருக்கும் பத்திரம் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் கட்டிவிட்டோம். அவர் கட்டவில்லை. விளக்கு வைத்த பிறகும் கை சட்டைப்பைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. இனியும் கட்டாவிட்டால் அவர் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போவதாக அமைப்பிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"வூடு பூடும் அண்ணாத்த" என்றாள் மேரி அக்கா. திட்டுகிற குரல் இல்லை அது.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கட்டிட்டா அப்பால நீங்க எதுக்கு வருவீங்க?"

வாயாடி மேரி அக்காவே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"மீன் கொழம்பு வச்சி எடுத்துகினு எல்லாரும் வர்றோம். நீ கட்டு" என்றாள் கடைசியில். அவர் கட்டினார். பத்திரம் எல்லார் கைக்கும் வந்தது.

சொன்னபடி அடுத்த மாதம் எல்லாரும் போனோம், குழம்போடு. அதற்கடுத்த மாதம் செல்வத்துக்குச் சவாரி. மேரி அக்கா பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். குறை சொல்ல முடியாது, அவரவர் பாடு.

இப்போது நான் ஒருத்தன்தான் போகிறேன். பேச ஒன்றும் இருக்காது. இரண்டு பேரும் கடலைத் தோலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

"வேற வேல வெட்டி இல்லியா உனுக்கு?" என்று கேட்பார்.

இல்லை என்பேன். அவர் முகத்தைப் பார்க்காவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே ஓடாது என்பதை நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.