டெல்மருக்கு ஒரு கொக்கி

வெண்டல் திபோவின் கொக்கியில் மறுபடியும் டெல்மரின் மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர், வெண்டல் மூன்று மாதம் இழைத்து இழைத்துச் செய்த பைன் பெஞ்சின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"லுசில்! அந்த ஆள் வந்துட்டான்!"

"தெரியும். சமையலறையில நாய்க்குக் காது சொறிஞ்சுட்டு இருக்கான். கத்தாதீங்க," என்றாள் மனைவி.

வெர்மான்ட் மலைப்பக்கத்தில் பனி உருகினால் சாலையே கூழாகிவிடும். அதனால் வீட்டுக்கு வீடு பின்வாசலை ஒட்டி ஒரு சேற்றறை உண்டு. பூட்ஸையும் கோட்டையும் அங்கே கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். வெண்டல் தன் சேற்றறையை இந்தக் குளிர்காலத்தில்தான் புதிதாக அமைத்திருந்தார். சுவரோடு சேர்த்து மூன்று தடுப்புகள். ஒவ்வொன்றிலும் மேலே தொப்பிக்குத் தட்டு, நடுவில் கொக்கி, கீழே பெஞ்சு, பெஞ்சுக்கு அடியில் பூட்ஸுக்குத் தகரத் தட்டு. அவருக்கு ஒன்று, லுசிலுக்கு ஒன்று, மகள் கோரினுக்கு ஒன்று. நாயின் வாருக்குக்கூட முழங்கால் உயரத்தில் ஒரு முளை அடித்திருந்தார்.

டெல்மருக்கு இல்லை. வேண்டுமென்றேதான் இல்லை.

டெல்மர் ஊர்ச் சாலைகளைச் செப்பனிடும் வண்டியை ஓட்டுபவன், முப்பது தாண்டியவன். போன கோடையில் கோரின்தான் அவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. சேற்றறையில் ஒருவனுக்குக் கொக்கி கிடைத்துவிட்டால் அவன் அந்த வீட்டு ஆள் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். நாற்பது மாடுகளைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் மகளை அவன் கூட்டிக்கொண்டு போய்விட்டால் பண்ணை என்ன ஆகும்? பண்ணை கிடக்கட்டும், வெண்டல் என்ன ஆவார்?

"பெஞ்சுல மெழுகு காஞ்சுடுச்சா, சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் டெல்மர்.

வந்ததும் கோரின் எங்கே என்று கேட்பதில்லை, பெஞ்சைத்தான் விசாரிப்பான். கள்ளன், என்று நினைத்துக்கொண்டார் வெண்டல்.

மறுநாளே இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மூன்று தடுப்புகளிலும் பெரிய எழுத்தில் பெயரைச் சுட்டார். இனி எழுதப் படிக்கத் தெரிந்தவன் எவனும் தன் கொக்கியைத் தொடமாட்டான்.

டெல்மர் தொடவில்லை. அடுத்த சனிக்கிழமை மழைக்கோட்டை நாயின் முளையில் மாட்டினான். நாய் அதைத் தனக்கு விரித்த படுக்கையாக எடுத்துக்கொண்டு படுத்தது, பொழுதுபோக்காகக் கோட்டின் ஒரு பையையும் கடித்துக் கிழித்தது. லுசில் அதைத் தைத்துக் கொடுக்கும்வரை அவன் போக முடியுமா? பீன்ஸும் ரொட்டியும் சாப்பிட்டான். அதற்கடுத்த வாரம் நன்றிக்கடனாக ஒரு பெரிய மேப்பிள் கேக்கோடு வந்து நின்றான்.

"நாய்க்கு இடம் இருக்கு, அந்த மனுஷனுக்கு இல்ல. நீங்களும் உங்க கொக்கியும்!" என்றாள் லுசில்.

வெண்டல் வேறு வழி கண்டுபிடித்தார். டெல்மரைத் தனியாக அழைத்து, "இங்க பாரு தம்பி, வீட்டு ஆளுங்கன்னாதான் பின்வாசல். விருந்தாளின்னா முன்வாசல். அதுதான் மரியாதை," என்றார்.

அந்த முன்வாசல் கதவைக் கடைசியாகத் திறந்தது, லுசிலின் பியானோவை உள்ளே கொண்டுவந்தபோது. சொன்ன பேச்சைத் தட்டாத டெல்மர் அடுத்த வாரம் வெளியிலிருந்து தள்ளினான். வெண்டல் உள்ளிருந்து இழுத்தார். கதவு நிலையோடு பெயர்ந்து வந்தது. கூடவே டெல்மரும் சேற்று பூட்ஸோடு, லுசிலின் வெள்ளைக் கம்பளத்தில் நான்கடி வழுக்கிக்கொண்டே வந்து பியானோவில் முட்டி நின்றான்.

லுசில் கம்பளத்தைச் சுருட்டி வெண்டலின் கையில் கொடுத்தாள். அதைத் தேய்த்துக் கழுவ அவருக்கு இரண்டு நாள் ஆனது.

கதவைச் சரிசெய்ய மூன்று சனிக்கிழமைகள் ஆயின. அங்கேதான் வெண்டல் சறுக்கினார். பயல் இழைப்புளி பிடிக்கிற பிடியே அழகாக இருந்தது. கீல் எங்கே வரவேண்டும் என்பதில் அவரோடு சண்டை போட்டான், சண்டையில் ஜெயிக்கவும் செய்தான். சனிக்கிழமை காலையில் அவன் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று வெண்டல் ஜன்னலுக்கு நடந்துகொண்டிருந்தார்.

"கோரினைக் கவனிச்சியா? அவன் வந்தாலே மாட்டுக்கொட்டாய்க்குப் போயிடறா. வெட்கம்," என்றார் லுசிலிடம்.

"நம்ம கோரினுக்கா? வெட்கமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

மே மாதம் வெண்டல் மனதைக் கல்லாக்கிக்கொண்டார். பெண்ணென்று பெற்றால் ஒரு நாள் விட்டுத்தான் ஆக வேண்டும். விடுவதுதான் விடுகிறோம், கதவை ஒழுங்காக மாட்டத் தெரிந்தவனிடம் விடுவோமே. சுவரில் வேறு இடம் இல்லாததால் தன் தடுப்பையே நடுவில் பிளந்து இரண்டாக்கினார். தன் தொப்பியை லுசிலின் தட்டுக்கு அனுப்பினார். புதிய பலகையில் 'டெல்மர்' என்று சுட்டபோது புகையால் கண் கலங்கியது என்று மனைவியிடம் சொன்னார்.

சனிக்கிழமை டெல்மரைத் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய் அதன் முன்னால் நிறுத்தினார்.

"இனிமே பின்வாசல்லயே வா."

டெல்மர் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தான். "எங்க வீட்டுலகூட எனக்குன்னு ஒரு கொக்கி இருந்ததில்ல, சார்," என்றான். குரல் உடைந்திருந்தது. லுசில் ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் முறைப்படி நடக்கட்டும். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். தூரமா மட்டும் கூட்டிட்டுப் போயிடாதே," என்றார் வெண்டல்.

"யாரை, சார்?"

அந்த நேரம் பின்வாசல் திறந்தது. கோரின் கொட்டாயிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றித் தகரத் தட்டில் வைத்தாள். புதுப் பலகையைப் படித்தாள். அப்பாவைப் பார்த்தாள், டெல்மரைப் பார்த்தாள்.

"என்னப்பா இது? நாங்க பிப்ரவரியிலேயே பிரிஞ்சுட்டோம். இவன் உங்களைப் பாக்கத்தான் வாரா வாரம் வர்றான், அதைக் கெடுப்பானேன்னு நான் வாயே திறக்காம இருந்தேன்!"