வாத்தியாரோட வலது தோள்

பொய்யா சொல்றேன்? நீயே போய் அந்த ரூமை எட்டிப் பாரு. எங்க வீட்டு வாத்தியார் வலது கையாலதான் பெயிண்ட் அடிச்சிருக்கார். நேத்து வரைக்கும் அந்தக் கை காது வரைக்கும் ஏறாதுன்னு உன்கிட்ட அழுதாரே, அதே மனுஷன்தான். பக்கத்து வீட்டுக்காரி நீயும் தையல் மெஷினை விட்டுட்டுச் சுடுதண்ணிப் பையோட ஓடிவந்த.

ஞாயித்துக்கிழமை மக கைக்குழந்தையோட வர்றா. அந்த ரூம் சுவர் பூரா பூஞ்சை. பிஞ்சுக்கு ஏற்கெனவே இளைப்பு. "சுவர் இப்படியே இருந்தா நான் வரலம்மா"ன்னுட்டா. எனக்கு நெஜமாவே முழங்கால் மடங்காது. பெயிண்ட் டப்பா வந்து எறங்குன அன்னிக்குத்தான் உங்க வாத்தியாருக்குத் தோள் பூட்டிக்கிச்சு. வலிக்குதுன்னு சொல்லிட்டுப் படுத்திருந்தாக்கூட நம்பியிருப்பேன். முப்பத்திநாலு வருஷம் அறிவியல் நடத்துன வாய் சும்மா இருக்குமா?

"தோளுங்கிறது பந்துக்கிண்ண மூட்டுடி. கிண்ணம் இறுகிப்போச்சு. ஆறு மாசம் ஆகும்."

"சோறு மட்டும் வாய்க்குப் போகுதே?"

"அது முழங்கை. கீல் மூட்டு. அது வேற டிபார்ட்மென்ட்."

இவங்க குடும்பத்துக்கே நடிக்க வராது. இவர் தம்பி, என் கொழுந்தன், வீடு மாத்துறப்ப பீரோ தூக்கக் கூப்பிட்டதும் இடுப்பு புடிச்சிக்கிச்சுன்னான். காலையில வலது காலை நொண்டினான், சாயங்காலம் இடது காலை. கேட்டா, "வலி எடம் மாறிடுச்சு அண்ணி"ங்கிறான். அவனை விடு.

நாளைக்கு, எங்ககூட இருக்காளே மகன் வீட்டுப் பேத்தி, அவளுக்குப் பரீட்சை. மூட்டுப் பாடம். காலையில இவர் கழுத்துலருந்து துண்டால கைக்குத் தூளி கட்டிக்கிட்டுப் பேப்பர் படிச்சிட்டு இருந்தார். நான் பேத்தியை அவர் பக்கத்துல உக்காரவச்சுச் சத்தமா ஆரம்பிச்சேன்.

"தோளு கதவுக் கீல் மாதிரி, குட்டி. முன்னாடி போகும், பின்னாடி வரும். அவ்வளவுதான்."

பேப்பர் கொஞ்சம் இறங்குச்சு.

"மண்டையோட்டு மூட்டு இருக்கே, அது நல்லா சுத்தும்."

"அது அசையா மூட்டு"ன்னு பேப்பருக்குள்ளருந்து ஒரு குரல்.

"ஒடம்பு முடியாதவர் எதுக்குப் பேசுறீங்க? குட்டி, தோளுன்னா கீல்னு எழுது."

தூளி பறந்துச்சு. மனுஷன் எந்திரிச்சுட்டார்.

"கூறுகெட்டவளே, புள்ளை மார்க்குல மண்ணைப் போடுறியே. இங்க பாரு குட்டி. முன்னாடி. பின்னாடி. பக்கவாட்டுல. மேல. இந்தா, முழு வட்டம்."

காத்தாடி தோத்துது போ. நாலு சுத்து சுத்தினார். அஞ்சாவது சுத்துல கை உச்சிக்குப் போறப்ப அதுல பிரஷ்ஷைச் செருகிட்டேன். பிரஷ்ஷைப் பாத்தார், என்னைப் பாத்தார். பேத்தி கை தட்டிட்டு, "தாத்தா, இன்னொரு தடவை"ன்னா.

நாலு சுவரும் முடிஞ்சுது. இப்பக் கழுத்து திரும்பலையாம். அது முளை மூட்டாம், அச்சுல சுத்தணுமாம், இறுகிடுச்சாம். இறுகட்டுமே. இனிமே எந்தப் பக்கமும் திரும்பற வேலையில்ல, அண்ணாந்தபடியே இருந்தா போதும். சீலிங்தான் பாக்கி. குட்டி, அந்த ஏணியை உள்ள கொண்டா.